ஒன்பதாவது பூ

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், பக்கத்து வீட்டு ஹோலில் நாங்கள் மூன்று பெண்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிரார்த்தனை இல்லை. தலைவலியும் இல்லை. ஒரு ஜோடித் தலையணை உறையைத் தேடிக்கொண்டிருந்தோம் — கண்ணுக்குள்ளே!

சிரிக்காதீர்கள். விஷயத்தைக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பரீதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் உக்குவளை. இங்கே மாத்தளையில் முஸ்லிம் வீடுகளில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். வருகிறவருக்கு ஓர் அறையை ஜோடித்து வைப்பார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து அந்த அறையைப் பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் சும்மா எட்டிப் பார்ப்பதா? மெத்தையைத் தட்டி, திரைச்சீலையைப் புரட்டி, தலையணை ஓரத்தைத் தடவி... எங்கள் ஸ்கூல் இன்ஸ்பெக்டரே இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்!

அந்தக் கட்டிலுக்குப் பரீதா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய உம்மா ஜெமீலா ராத்தா — அக்காவைத்தான் ராத்தா என்பார்கள் — தன் கையால் பின்னிய லேஸ் வைத்த அந்த ஜோடித் தலையணை உறை. ராத்தா மௌத்தாகி மூன்று வருடமாகிறது. அவர் இருந்தவரை வீட்டில் புழங்கிய உறைகள்தான் அவை. அவர் போன பிறகு பரீதாவின் வாப்பா, மகளுடைய கல்யாணத்துக்கு இருக்கட்டும் என்று துவைத்து மடித்து, மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருக்கும்போது பெட்டியைத் திறந்தார்கள்.

கறையான்!

அடிப்பலகை வழியாக ஏறி வந்து ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. மண்ணும் தூளும்தான் மிச்சம். லேஸில் ஒரு முழுப் பூக்கூடத் தேறவில்லை. தொட்டால் உதிர்ந்தது.

பரீதா ஆர்ப்பாட்டம் பண்ணி அழுகிற பெண் இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "உம்மாட கை பட்ட சாமான் ஒண்ணு அந்த அறையில ஈக்கணும்னு நெனச்சேன் டீச்சர். வேற ஒண்ணும் கேக்கல்லியே நான்..." என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான். அதற்குப் பிறகு அவள் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை.

"அதுக்கென்ன, அதே மாதிரி பின்னிக் குடுத்துட்டாப் போச்சு!" என்று உடனே சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். பதினெட்டு வருடம் தையல் டீச்சராக இருந்தால் வாய் இப்படித்தான் முந்திக்கொள்ளும்.

அதே மாதிரி என்றால் எந்த மாதிரி? அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சனிக்கிழமை மாநாடு.

வந்திருந்தவர்களில் ஒருவர் சுபைதா. ஜெமீலா ராத்தாவின் தங்கை, கல்யாண வேலைக்காக வந்து தங்கியிருந்தார். இன்னொருவர் எதிர்வீட்டு சோமாவதி அக்கா. சிங்களவர். ஆனால் இந்தத் தெருவில் இருபது வருடம் இருந்து, நம் தமிழில் நம்மோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் தேறியவர். மூன்றாவது ஆள் நான்.

"கண்ண மூடி நல்லா நெனச்சுப் பாருங்க. அப்பிடியே வந்து நிக்கும்" என்றார் சுபைதா.

மூடினோம்.

"மாங்கா மாதிரி... இங்கால வளஞ்சி... நுனியில ஒரு கண்ணி" என்றார் சுபைதா.

"அனே இல்ல, சுபைதா! தாமரப் பூ தானே அது. எனக்கு நல்லாத் தெரியுது. எட்டு இதழ்" என்றார் சோமாவதி அக்கா.

"எட்டா? தாமரையா? எங்கட ராத்தா பின்னின லேஸ் எனக்குத் தெரியாதா?"

"தினமும் கொடியில காயப் போடுறத இங்கேருந்து பாத்தது நான். நீங்க எங்கயோ இருந்து பெருநாளுக்கு வந்து போறவங்க!"

இரண்டு பேரும் கண்ணைத் திறக்காமலே சண்டை போட்டார்கள். இருவருக்கும் படம் பளிச்சென்று தெரிகிறது. ஒருவருக்கு மாங்காய், மற்றவருக்குத் தாமரை. கடைசியில் தீர்ப்புக்கு என்னிடம் வந்தார்கள்.

"டீச்சருக்கு என்ன தெரியுது?"

"இருட்டு" என்றேன்.

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "கண்ண மூடினா இருட்டுதானே தெரியும்?" என்று கேட்டேன். இப்போது அவர்களும் சிரிக்கவில்லை.

"படம் வரல்லயா டீச்சர்?" என்று சோமாவதி அக்கா மெதுவாகக் கேட்டார்.

"என்ன படம்?"

நாற்பத்து மூன்று வயதில், கழுத்தில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு, நான் முதல் முதலாக அறிந்துகொண்டேன்: மற்றவர்களுக்கு நிஜமாகவே தெரிகிறது! 'அவ முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது' என்று ஊரெல்லாம் சொல்கிறதே... அது பேச்சுக்குச் சொல்வது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! 'பசி உயிர் போகுது' என்கிறோம். உயிரா போகிறது? அந்தக் கணக்கில்தான் இதையும் சேர்த்திருந்தேன்.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு சித்திர மிஸ் இருந்தார். "கண்ணை மூடி, ஒரு தென்னை மரத்தைக் கொண்டு வாருங்கள். வந்ததும் வரையுங்கள்" என்பார். நான் கண்ணை மூடி, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திறப்பேன். கண்ணை மூடச் சொன்னது அதற்குத்தான் என்று நினைப்பு! பிறகு எனக்குத் தெரிந்த விவரத்தை வரைவேன். நேராக ஒரு மரம், உச்சியில் ஓலை, ஓலைக்குக் கீழே காய். மிஸ் வந்து பார்த்து, "இது தென்னையா, குடையா?" என்று கேட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

இந்தப் பத்தியை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு என் கட்டம் போட்ட தாள் பைத்தியம் தெரியும். ஒரு மல்லிகைப் பூ எம்ப்ராய்டரி செய்வதென்றாலும் நான் கட்டத் தாளில் எண்ணி எண்ணித்தான் இறங்குவேன். 'டீச்சருக்குக் கணக்குத்தான் வரும், கற்பனை வராது' என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்வதும் என் காதில் விழாமல் இல்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்!

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என் வீட்டுக்காரரைப் பிடித்தேன். தபால் கந்தோர் வேலை முடிந்து வந்து, அப்போதுதான் பிளேன்டீயைக் கையில் எடுத்திருந்தார்.

"ஏங்க, கண்ண மூடினா என் மொகம் தெரியுமா ஒங்களுக்கு?"

"கண்ணத் தொறந்தாலே நீதானே நிக்கிற."

"வெளயாடாதீங்க. மூடிட்டுச் சொல்லுங்க."

மூடினார். "ம்... தெரியுதே. மாத்தள ஸ்டேஷன்ல நிக்கிற. நீலச் சேல. கையில ஒரு தகரப் பெட்டி. பொட்டு கொஞ்சம் கோணலா இருக்கு."

கல்யாணமான புதிதில் முதல் முதலாக நான் இந்த ஊருக்கு வந்து இறங்கிய நாள் அது! இந்த மனிதர் அதை உள்ளே வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீலச் சேலையும் தகரப் பெட்டியும் எனக்கும் தெரியும். விவரமாகத் தெரியும். படமாகத் தெரியாது.

அப்போதுதான், வாசகர்களே, எனக்குள் ரொம்ப நாளாகக் கிடந்த ஒரு பயம் எழுந்து நின்றது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஜெமீலா ராத்தா என் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமா? நான் இந்த ஊருக்குப் புதிதாக வந்து, ஒருவரையும் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் வட்டிலாப்பத்தை நீட்டியவர். என் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்றவர். அவருடைய மௌத்து வீட்டில் பெண்கள் எல்லாரும் "கண்ண மூடினா அவதான் வந்து நிக்கிறா" என்று அழுதார்கள். நானும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினேன். பொய்! எனக்கு யாரும் வந்து நிற்கவில்லை. என் அம்மா செத்தபோதும் வரவில்லை. எனக்கு நெஞ்சில் ஈரம் இல்லையோ, நான் யார் மீதும் உண்மையாகப் பாசம் வைக்கவே இல்லையோ என்று நினைத்து நினைத்துக் குமைந்திருக்கிறேன்.

இதையெல்லாம் அன்றைக்கு வீட்டுக்காரரிடம் கொட்டிவிட்டேன். அவர் டீயை ஆற அமரக் குடித்து முடித்தார்.

"படம் வரலைன்னா என்னா? நீதான் எதையும் எழுதி வைக்கிற ஆளாச்சே. அந்தம்மா லேஸ் பின்னையில பக்கத்துல ஒக்காந்து கொப்பியில கிறுக்கிட்டிருந்தியே, அது எங்க?"

ஓடினேன்.

தையல் மெஷினின் கீழ் லாச்சியை இழுத்துக் கொட்டினேன். பழைய பட்டன், அறுந்த எலாஸ்டிக், பிள்ளைகளின் ரிப்போர்ட்... எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அட்டை கிழிந்த பழைய கொப்பி ஒன்று. கறையானுக்கு என் கையெழுத்து பிடிக்கவில்லை போலிருக்கிறது!

பதினேழு வருடத்துக்கு முன்னால் எழுதியது. ராத்தா அப்போது முதல் உறைக்கு லேஸ் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்துப் பழகுங்கள் என்றார். பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் ஒன்றும் இல்லை. கடைசியில், "ராத்தா, பின்னப் பின்ன வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றேன். அவர் கொக்கி ஊசியை ஓட்டிக்கொண்டே சொல்ல, நான் எழுதினேன். பிறகு பிள்ளை, ஸ்கூல், வீடு என்று கொப்பி லாச்சிக்குள் போய்விட்டது.

குரோஷே தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல், அவ்வளவுதான் சாமான். நூலைக் கொக்கியில் இழுத்து இழுத்து விட்டால் சங்கிலி. கொஞ்சம் உயரமாகப் பின்னினால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் தூண். சங்கிலியையும் தூணையும் சரியாக எண்ணிப் போட்டால் இதழ் வரும், இதழ் சேர்ந்தால் பூ வரும்.

கொப்பியைத் திறந்தேன்.

'முதலாவது பூ. எட்டுச் சங்கிலி போட்டு வளையமா மூட்டு. மூணு சங்கிலி ஏறு. நாலு தூண். மூணு சங்கிலி இறங்கு. ஒரு இதழ் முடிஞ்சி. இப்பிடி ஆறு.' சரி. அடுத்த பக்கம் 'இரண்டாவது பூ' — எட்டுச் சங்கிலி, மூணு சங்கிலி, நாலு தூண்... மறுபடியும் முழுசாக! மூன்றாவது பூ, நாலாவது பூ... பதினாலு பூவையும் இப்படி எழுதித் தள்ளியிருக்கிறேன். 'இதே மாதிரி இன்னும் பதின்மூன்று' என்று ஒரு வரியில் முடிக்க வேண்டியதை, ஒரு கொப்பி நிறைய! இதே மாதிரி என்ற சொல்லை நான் எப்படி நம்புவது? மாதிரி ஒன்று கண்ணுக்குள் இருந்தால் அல்லவா?

அதுமட்டுமா? அவர் வாயிலிருந்து வந்த ஒன்றையும் விடவில்லை. 'பத்தாவது பூ. எட்டுச் சங்கிலி. அதே மாதிரின்னு எழுதினாப் போதுமே டீச்சர், ஏன் கை நோக நோக எழுதுறீங்க? மூணு சங்கிலி ஏறு.' அதையும் எழுதியிருக்கிறேன்! நடுவில் நூல்காரனுக்கு ஒரு திட்டு. பரீதாவுக்கு ஒரு அதட்டு. 'இண்டைக்கு மீனில உப்புக் கூடிட்டு' என்று ஒரு வருத்தம்.

முதலில் சிரித்தேன். பிறகு கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஜெமீலா ராத்தா முழுசாக அங்கே இருந்தார். முகம் இல்லை, அவ்வளவுதானே? அப்பாடா... நெஞ்சில் மூன்று வருடமாகக் கட்டிக் கிடந்தது ஏதோ இளகி இறங்கியது போல் இருந்தது. நான் அவரை மறக்கவில்லை. எனக்குத் தெரிந்த விதத்தில், எழுத்தில் வைத்திருந்திருக்கிறேன்.

அடுத்தது நூல். இறக்குமதி இல்லாத இந்த நாளில், வெளிநாட்டு லேஸ் நூல் கடைகளுக்கு வந்து எத்தனை காலமாகிறது என்று உங்களுக்கே தெரியும். மாத்தளைக் கடைத்தெருவில் ஏறி இறங்காத கடை இல்லை. "நூலா? எந்தக் காலத்துல இருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். கடைசியில் சோமாவதி அக்காதான் விடியக்காலை பஸ்ஸில் நாவுலைக்குப் போனார். அங்கே ஒரு நெசவு நிலையத்தில் அவருடைய தம்பி மனைவிக்கு வேலை. தறிக்கு ஓட்டுகிற வெள்ளைப் பருத்தி நூலில் இரண்டு கண்டு கொண்டுவந்து போட்டார். மூன்று இழையை ஒன்றாக முறுக்கினால் லேஸ் நூல் பதத்துக்கு வந்துவிட்டது.

உட்கார்ந்தேன். கொப்பியை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, எழுதியபடியே எண்ணிப் பின்னினேன்.

ஒன்று சொல்கிறேன். மற்றவர்கள் பூவை முதலில் உள்ளே பார்த்துவிட்டுப் பிறகு பின்னுகிறார்களாம். எனக்கு அது தலைகீழ். என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. எண்ணிக்கொண்டே போவேன், கடைசிச் சங்கிலியை மூட்டி மடியில் விரிப்பேன். அட, பூ! ஒவ்வொரு தடவையும் எனக்கு அது புதிதாகப் பார்க்கிற பூதான். இந்தச் சந்தோஷம் படம் பார்க்கிறவர்களுக்குக் கிடைக்குமா? சந்தேகம்தான்.

முதல் பூ முடிந்ததும் சுபைதாவிடமும் சோமாவதி அக்காவிடமும் காட்டினேன்.

"இதுதான்! நான் சொன்னேனே!" என்றார் சுபைதா.

"இதுதான்! நான் சொன்னேன்தானே!" என்றார் சோமாவதி அக்கா.

ஆறு இதழ். மாங்காயும் இல்லை, தாமரையும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாண வீட்டில் எதற்கு வம்பு?

எட்டுப் பூ வரை சுமுகமாகப் போனது. ஒன்பதாவது பூவுக்கு வந்தேன். கொப்பியில் இப்படி இருந்தது:

'நாலாவது இதழ் முடிஞ்சி. மூணு சங்கிலி ஏறு... ஏய் பரீதா, நூலை விடு மகள்! நாலு தூண். மூணு சங்கிலி இறங்கு. அஞ்சாவது இதழ் முடிஞ்சி. ஏழு சங்கிலி போடு... அல்லாவே, பால்! பால் பொங்கிட்டு! ... வந்துட்டேன், வந்துட்டேன். எங்க நிண்டோம்? சரி, மூட்டு. அடுத்த பூ.'

ஆறாவது இதழ் எங்கே? இல்லை! மூன்றுக்குப் பதில் கைபோக்கில் ஏழு சங்கிலி போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடிப்போய் வந்த ராத்தா, ஆறாவது இதழை மறந்து, வெறும் ஏழு சங்கிலியோடு பூவை மூடிவிட்டார். நானும் எழுதிவிட்டேன். எனக்கென்ன தெரியும், அது பிழையா இல்லையா என்று?

கொப்பியில் இருந்தபடியே பின்னினேன். இதழ் வர வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை விழுந்தது.

மேலால் எட்டிப் பார்த்த சுபைதாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன டீச்சர் இது? அவிழுங்க!"

"கொப்பியில இப்படித்தான் இருக்கு."

"கொப்பி பிழை. எங்கட ராத்தாட கையில பிழை வரவே வராது. அவட லேஸ் எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள ஈக்கி. பதினாலு பூவும் ஒரே அச்சு."

"பால் பொங்கிச்சுன்னு அவங்களே சொல்லி நான் எழுதியிருக்கேனே..."

"பால் பொங்கினது மாப்பிள்ள வீட்டாக்களுக்குத் தெரியுமா? நாளைக்கு அவங்க வந்து பாத்துட்டு, பொண்ணுட உம்மாக்கு லேஸ் பின்னத் தெரியாதுன்னு சொன்னா? மௌத்தான ஆளுக்குப் பேச்சு வாங்கித் தரப்போறீங்களா?"

நியாயமான கேள்விதான். ஒரே ஒரு இதழ், பத்து நிமிஷ வேலை. திருத்திவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

கொக்கியை எடுத்து இரண்டு சங்கிலியை அவிழ்த்தும்விட்டேன். பிறகு நிறுத்தினேன். சுபைதாவுக்குக் கண்ணுக்குள் படம் இருக்கிறது. எனக்கு இந்தக் கொப்பியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஓர் இடத்தில் என் இஷ்டத்துக்கு மாற்றினால், அதற்குப் பிறகு இது ராத்தாவின் லேஸா, என்னுடையதா? அந்தப் பெண் கேட்டது உம்மாவின் லேஸை அல்லவா?

அவிழ்த்த இரண்டு சங்கிலியையும் திரும்பப் போட்டு, ஏழாக மூடினேன். சுபைதா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முதல் உறை முடிந்து, இரண்டாவது உறையும் முடிந்து, கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில்தான் கடைசி முடிச்சுப் போட்டேன். கஞ்சி போட்டு, இஸ்திரி பிடித்து, உறையைத் தலையணைக்கு மாட்டிக் கட்டிலில் வைக்கும்போது வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. பரீதாவிடம் முதலில் காட்டக்கூட நேரம் இல்லை. அவள் சேலை உடுத்திக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர். தலைமை, மாப்பிள்ளையின் மூத்த ராத்தா. கண்ணாடி போட்டவர். மெத்தையைத் தட்டினார், சரி. திரைச்சீலையைப் புரட்டினார், சரி. தலையணைக்கு வந்தார். லேஸை விரல் நுனியால் ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே போனார். ஒன்று... இரண்டு... மூன்று... சுபைதா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை ஞாபகம் வைக்க எனக்குப் படம் தேவையில்லை!

ஒன்பதாவது பூவில் விரல் நின்றது.

"இதென்ன, இந்த எடத்துல ஓட்டையா ஈக்கி? பின்னல் விட்டுப்போச்சா?"

நான் ஏதாவது சொல்ல வேண்டும். 'கறையான்' என்று ஆரம்பிப்பதா, 'பால்' என்று ஆரம்பிப்பதா? இரண்டுமே விளங்காது. பிழையை என் தலையில் போட்டுக்கொள்வோம் என்று வாயைத் திறந்தேன்.

"எங்க?" என்று கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

பரீதா. பதினாறு நாளாக யாரையும் நிமிர்ந்து பாராத பெண், முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நேராகக் கட்டிலுக்கு வந்தாள். அவ்வளவு பேருக்கு முன்னால் விளிம்பில் உட்கார்ந்தாள். தலையணையை மடியில் எடுத்தாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. வலது கைச் சுட்டுவிரல் லேஸின் ஓரத்தில் தானாக ஊர்ந்து போனது. போய், அந்த ஓட்டைக்குள் நுழைந்து நின்றது.

"உம்மாட ஓட்ட..." என்றாள்.

பிறகுதான் அழுதாள். பதினாறு நாளும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

"சின்ன வயசுல இதுக்குள்ள வெரல விட்டுக்கிட்டுத்தான் தூங்குவேன். வெரல் போகாட்டித் தூக்கம் வராது. உம்மா ஏசுவா, நூல் அறுந்துடும்னு. ஆனா தைக்க மாட்டா. டீச்சர், இது எப்பிடி ஒங்களுக்குத் தெரியும்? இது எனக்கும் உம்மாக்கும் மட்டும்தானே தெரியும்!"

எனக்கு எங்கே தெரியும்? எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரியாததால்தான் எழுதிவைத்தேன். படம் வைத்திருந்தவர்கள் பாசத்தில் அந்தப் பிழையைத் தங்களை அறியாமலே திருத்தி வைத்துக்கொண்டார்கள். எனக்குத் திருத்த வசதி இல்லை.

இதைச் சொல்லலாமென்று பார்த்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் ராத்தா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். சுபைதா வந்து என் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. "ராத்தாக்கும் பால் பொங்கியிருக்கு" என்றார் மெதுவாக.

எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதியை எந்த நூலால் பின்னிக் காட்டுவது? மூன்று வருடப் பாரம். முகம் வராவிட்டால் என்ன? அந்த விரல் போய் நிற்க ஓர் இடம் என்னிடம் பத்திரமாக இருந்திருக்கிறதே! இனி யாராவது "கண்ண மூடினா அவதான் வந்து நிக்கிறா" என்றால், பொய்யாகத் தலையாட்ட மாட்டேன். 'எனக்கு இருட்டு, ஆனா எங்கிட்ட ஒரு கொப்பி இருக்கு' என்று சொல்வேன்.

பரீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றத் தலையணையை எடுத்தாள். மாப்பிள்ளைக்கு உரியது. ஓரத்தைத் தடவிப் பார்த்தவள், சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு சிரிக்கிறாள்!

"டீச்சர்... உம்மாட மத்த உறையில ஓட்ட இல்ல. நீங்க ரெண்டுலயும் போட்டிருக்கீங்க!"

இரண்டாவது உறையை ராத்தா எனக்குச் சொல்லிப் பின்னவில்லையே. இருந்த ஒரே கொப்பியைப் பார்த்து நான் இரண்டையும் பின்னிவிட்டேன்!

பரவாயில்லை. இனி மாப்பிள்ளையும் தூங்க வேண்டாமா?